கிதிர்பூர் தடத்தைத் திறந்துவிடுங்கள்

மேற்கு வங்கப் போக்குவரத்துத் துறையினருக்கு,

வணக்கம். கொல்கத்தாவில் லேக் மார்க்கெட் பக்கம் குடியிருக்கும் தமிழன் நான். வீட்டில் எனக்கு டிராம் பைத்தியம் என்று பெயர். நகர நடுவே உள்ள எஸ்பிளனேடிலிருந்து துறைமுகப் பக்கத்துக் கிதிர்பூர் வரை போய், 2020இல் நின்றுவிட்ட டிராமை மறுபடி ஓட்டுங்கள் என்று கேட்கத்தான் இந்த மடல். இதையே வங்க மொழியிலும் ஆங்கிலத்திலும் உங்களுக்குத் தனியே அனுப்பிவிட்டேன். தமிழிலும் எழுதுவது, டிராமை எப்போதோ பறிகொடுத்த ஊர்க்காரர்களும் படிக்கட்டும் என்றுதான்.

முதலில் ஒரு சின்ன வம்பு. 1902 மார்ச்சில் எஸ்பிளனேடிலிருந்து கிதிர்பூருக்கு ஓடியதுதான் ஆசியாவின் முதல் மின்சார டிராம் என்று இங்கே பெருமையாகச் சொல்கிறார்கள். மதராசில் 1895 மே 7 அன்றே மின்சார டிராம் ஓடிவிட்டது, ஐயா. அதுவும் தலைக்கு மேல் கம்பி இல்லாமல், தண்டவாளத்தின் நடுவே தரைக்கு அடியில் பள்ளம் எடுத்து மின்சாரம் கொடுத்தார்கள். மழைக்காலம் வந்ததும் தண்ணீர் புகுந்து வேலையைக் காட்டியது. அப்புறம் கம்பிக்கு மாறினார்கள். 1953 ஏப்ரலில் கம்பெனி நொடித்துப்போய் எல்லாம் முடிந்தது. டில்லியில் 1963, பம்பாயில் 1964. மிச்சம் இருப்பது நீங்கள் மட்டும்தான். முதல் பட்டம் போனால் போகட்டும், கடைசி வண்டி உங்கள் கையில் இருக்கிறது.

2024 செப்டம்பரில் அன்றைய அமைச்சர், எஸ்பிளனேடிலிருந்து மைதானம் என்கிற பெரிய புல்வெளிக்குப் போகும் தடத்தை மட்டும் பாரம்பரியச் சின்னமாக வைத்துக்கொண்டு மற்றதை நிறுத்தப்போவதாகச் சொன்னார். டிராம் மெதுவாகப் போகிறது, நெரிசலை உண்டாக்குகிறது, நகரப் பரப்பில் சாலை 6 சதவீதம்தான் என்பது அவர் சொன்ன காரணம். அந்த 6 சதவீதம் எனக்கும் கவலைதான். ஆனால் இடம் குறைவு என்றால் ஆளுக்கொரு காரை அல்லவா குறைக்க வேண்டும்? இரண்டு பெட்டி டிராமுக்குப் பின்னால் ஒற்றை ஆளோடு நிற்கும் காரைப் பார்த்தும் டிராம்தான் அடைக்கிறது என்கிறோம்.

டிராம் மெதுவானது எப்படி என்று எங்கள் ராஷ்பிஹாரி அவென்யூவைப் பார்த்தாலே தெரியும். ஒரு காலத்தில் சாலை நடுவே டிராமுக்கென்று தனித் தடம் இருந்தது. பிறகு அதைக் கான்கிரீட் போட்டு சாலையோடு சமமாக்கினார்கள். தண்டவாளம் புதிதாயிற்று, அதன் மேல் ஆட்டோவும் காரும் ஏறிக்கொண்டன. இறங்குகிறவர் ஓடுகிற வண்டிகளுக்கு நடுவே காலை வைக்க வேண்டும் என்றாயிற்று. தடத்தை எடுத்துக்கொண்டு வேகம் போதவில்லை என்றால் எப்படி?

பழைய பெட்டிகளைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன், இல்லாவிட்டால் வெறும் ஏக்கம் என்று தள்ளிவிடுவீர்கள். எனக்கு அவை உயிர். ஓட்டுநர் காலால் மிதிக்கும் மணி, கண்டக்டர் இழுக்கும் கயிறு, முதல் வகுப்பில் சுற்றும் மின்விசிறி. மேல் கம்பியிலிருந்து மின்சாரம் எடுக்கும் கூரைக் கோல் வளைவில் நழுவினால் உள்ளே விளக்கு அணையும். கண்டக்டர் இறங்கிப் பின்பக்கம் போய், கயிற்றை இழுத்து, அண்ணாந்து பார்த்துக்கொண்டே கோலின் முனையைக் கம்பியில் பொருத்துவார். பொறி பறக்கும், விசிறி மறுபடி சுற்றும். ஆனால் முழங்கால் வலிக்காரருக்கு அந்தப் படி ரொம்ப உயரம். சக்கர நாற்காலியோடு ஏறுவது நடக்காத காரியம். தாழ்தளப் பெட்டி வந்து, இந்தப் பெட்டிகளில் நாலைந்தை மட்டும் ஞாயிற்றுக்கிழமைக்கு வைத்துக்கொண்டால் நான் கண்ணீர் விடமாட்டேன்.

பெட்டி பழசா புதுசா என்பது இரண்டாவது கேள்வி. பாரிஸ் 1938இல் டிராமை ஒழித்து 1992இல் திரும்பக் கொண்டுவந்தது. ஸ்ட்ராஸ்பர்க் 1960இல் மூடி 1994இல் திறந்தது. போர்தோ 1958இல் மூடி 2003இல் திறந்தபோது, பழைய கட்டடங்களின் அழகு கெடக் கூடாதென்று ஊர் நடுவில் மேல் கம்பியையே விட்டுவிட்டுத் தரையிலிருந்து மின்சாரம் எடுத்தது. மதராஸ்காரனுக்கு அதைப் படித்ததும் சிரிப்பு வந்தது. இந்த ஊர்கள் ஒவ்வொன்றும் புதுப் பெட்டிக்கு முன்னால் செய்த வேலை, சாலையில் ஒரு பங்கைக் காரிடமிருந்து பிடுங்கி டிராமுக்குக் கொடுத்தது. அது இல்லாமல் குளிர்சாதனப் பெட்டி விட்டால் பயணி நெரிசலில் குளுகுளுவென்று உட்கார்ந்திருப்பார், அவ்வளவுதான்.

இப்போது விஷயத்துக்கு வருகிறேன். தனித் தடம் உங்களிடம் ஒன்று ஏற்கெனவே இருக்கிறது. எஸ்பிளனேடிலிருந்து மைதானத்தின் புல்வெளி வழியாக, குதிரைப் பந்தயத் திடலை ஒட்டி, ஹேஸ்டிங்ஸ் தாண்டி கிதிர்பூருக்குப் போகும் அந்த 1902ஆம் ஆண்டுத் தடம்தான். அதில் பெரும்பகுதி தூரம் காருக்கும் டிராமுக்கும் சண்டையே இல்லை. 2020 மே மாதம் ஆம்பன் புயலில் மரங்கள் விழுந்து கம்பி அறுந்து நின்றது. புயல் நிறுத்திய வண்டிக்கு நெரிசலைக் காரணம் சொல்ல முடியாது. பாரம்பரியம் என்று நீங்கள் காப்பாற்ற நினைப்பதும் இதே தடத்தின் ஒரு துண்டைத்தான். துண்டு எதற்கு, முழுசாகவே ஓட்டலாமே!

தெற்கே ஜோகாவிலிருந்து கட்டிவரும் மெட்ரோ கிதிர்பூர் வழியாக எஸ்பிளனேடுக்கு வருகிறதே என்பீர்கள். வரட்டும், நல்லது. அதன் வேலைக்காக மைதானத்தைத் தோண்டியிருப்பதும் தெரியும். மெட்ரோ நிலையத்துக்கும் நிலையத்துக்கும் நடுவே ஏறி இறங்குகிறவர் யாரை நம்புவார்? 2024 மார்ச் முதல் ஹௌராக்காரர் ஆற்றுக்கு அடியில் மெட்ரோவில் எஸ்பிளனேடுக்கு வந்து இறங்குகிறார். அவர் மேலே ஏறி வந்ததும் ஒரு டிராம் நிற்க வேண்டும். எஸ்பிளனேடில் பழைய பெட்டியை அருங்காட்சியகமாக்கி டீ விற்கிறீர்கள். டீ நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் நான் டிக்கெட் வாங்குவது எங்காவது போய்ச் சேருவதற்கு.

கேட்பது பெரிய திட்டம் இல்லை. கிதிர்பூர் தடத்தில் எத்தனை தூரம் கம்பி மாற்ற வேண்டும், எவ்வளவு தண்டவாளம் கெட்டிருக்கிறது, என்ன செலவாகும் என்ற மதிப்பீட்டைப் பொதுவில் வையுங்கள். வேலை முடிந்ததும் காலை முதல் இரவு வரை கால அட்டவணையோடு, சாதாரணக் கட்டணத்தில் விடுங்கள். நிறுத்தங்களில் படி உயரத்துக்கு ஒரு மேடை கட்டுங்கள். ஒரு வருடம் ஓட்டிப் பார்த்துப் பயணிகள் கணக்கை வெளியிடுங்கள். அதற்கு அப்புறமும் யாரும் ஏறவில்லை என்றால் பேசிக்கொள்ளலாம். அதுவரை மற்றத் தண்டவாளங்களின் மேல் தார் ஊற்ற வேண்டாம்.

பதிலை எதிர்பார்க்கும்,
லேக் மார்க்கெட் டிராம் பயணி