தீ வைத்த பிறகுதானா தலைவர்களுக்குக் காது கேட்கும்?

ஆசிரியர் அவர்களுக்கு,

அமெரிக்காவின் மினியாபொலிஸ் நகரில் 2020இல், ஜார்ஜ் ஃபிளாய்ட் என்ற கறுப்பினத்தவர் காவலர் பிடியில் இறந்ததை அடுத்து வெடித்த கலவரம் என்றாலே பலரும் எரிந்த காவல் நிலையத்தைத்தான் பேசுகிறார்கள். நான் இந்த ஊரில் குடியிருப்பவள். எனக்கு முதலில் நினைவுக்கு வருவது காவல்துறையின் அறிக்கை. 2020 மே 25 அன்று ஜார்ஜ் ஃபிளாய்ட் இறந்ததும் வெளியிட்ட அந்த அறிக்கையில், அவர் கழுத்தை அழுத்திய காவலரின் முழங்காலைப் பற்றி ஒரு வரிகூட இல்லை. ஏதோ உடல்நலக் கோளாறு என்று முடித்துவிட்டார்கள். 17 வயதுப் பெண் ஒருத்தி செல்போனில் படம் பிடித்திருக்காவிட்டால், அதுவே உண்மையாகியிருக்கும்.

அப்புறம் தலைவர்கள் செய்தது என்ன? கொள்ளை தொடங்கினால் துப்பாக்கிச் சூடும் தொடங்கும் என்று எழுதினார் அதிபர் டிரம்ப். நகர மன்ற உறுப்பினர்களில் பெரும்பாலோர் காவல்துறையையே கலைப்போம் என்று மேடையேறி உறுதி கொடுத்தார்கள். அதற்கு மாற்று என்ன என்ற திட்டம் அவர்கள் கையில் இல்லை. காவல்துறைக்குப் பதிலாக வேறு துறை அமைக்கும் யோசனையை 2021இல் நகர வாக்காளர்கள் நிராகரித்தார்கள்.

கறுப்பின மக்களிடம் காவல்துறை பாரபட்சம் காட்டியதை மத்திய அரசின் நீதி அமைச்சகம் 2023இல்தான் எழுத்தில் சொன்னது. அந்த மக்கள் பல ஆண்டுகளாகச் சொல்லிக்கொண்டிருந்ததும் அதுதானே! அப்போதெல்லாம் பதவியில் இருந்த மேயர்களும் ஆளுநர்களும் பதில் சொல்லியாக வேண்டும்.

- ஒரு வாசகி, மினியாபொலிஸ்