சிலிண்டரில் இல்லாத வால்வு: போர்ட்டல் கிரேன் நிறுவனத்துக்கு ஒரு புகார் கடிதம்

அனுப்புநர்:
ரயில் பாதைப் பணி ஒப்பந்தக்காரர்,
திருச்சிராப்பள்ளி.

பெறுநர்:
மேலாண் இயக்குநர் அவர்கள்.

நாள்: 18.11.2024

பொருள்: தண்டவாளப் பேனல் (ஸ்லீப்பர் கட்டைகளோடு பூட்டிய தண்டவாளத் துண்டு) தூக்கும் போர்ட்டல் கிரேன் ஒரு ஜோடி – 05.10.2024 இரவு ஆயில் போகும் ரப்பர் ஹோஸ் வெடித்துப் பேனல் விழுந்தது – வடிவமைப்புக் குறையைத் திருத்தவும் இழப்பீடு வழங்கவும் கோருதல் தொடர்பாக.

பார்வை: உங்கள் 28.10.2024 நாளிட்ட பதில் கடிதம்.

ஐயா,

வணக்கம். உங்கள் பதில் கிடைத்தது. "ஹோஸ் பராமரிப்புக் குறைவால் வெடித்தது, உத்தரவாதக் காலமும் முடிந்துவிட்டது, எனவே எங்களுக்குப் பொறுப்பில்லை" என்று இரண்டே வரியில் கணக்கை முடித்திருக்கிறீர்கள். ஹோஸ் ஏன் வெடித்தது என்று நான் கேட்கவே இல்லை. ரப்பர் என்றால் ஒருநாள் வெடிக்கத்தான் செய்யும். வெடித்ததும் பேனல் ஏன் கீழே வந்தது என்று கேட்டிருந்தேன். அதற்கு உங்கள் கடிதத்தில் ஒரு சொல்கூட இல்லை. அதனால் முதலிலிருந்து எழுதுகிறேன். இதை சர்வீஸ் பிரிவுக்குத் தள்ளிவிடாமல், மெஷினை வரைந்த இன்ஜினீயரிடம் காட்டும்படி கேட்டுக்கொள்கிறேன்.

என் அப்பா ரயில்வேயில் கேங்மேன், பாதை பராமரிக்கும் தொழிலாளி. நான் மேஸ்திரியாக இந்தத் தொழிலுக்கு வந்தேன். மானாமதுரை–ராமேசுவரம் பாதை 2007-இல் அகலப்பாதை ஆனபோது அந்த வேலையில் ஆள் வைத்துத் தூக்கியவன். மீட்டருக்கு 52 கிலோ எடையுள்ள தண்டவாளம் 13 மீட்டர் நீளத்துக்கு கிட்டத்தட்ட 675 கிலோ வரும். இடுக்கி போட்டு, இரண்டு வரிசையாக நின்று, ஒரே குரலில் தூக்கி ஒரே குரலில் போட வேண்டும். ஒருவன் முந்திவிட்டால் அடுத்தவன் கால் போய்விடும். தண்டவாளத்துக்கு அடியில் குறுக்கே போடும் கான்கிரீட் ஸ்லீப்பர் ஒவ்வொன்றும் கால் டன்னுக்கு மேல். நாற்பது வயதில் இடுப்பு போனவர்கள் எங்கள் ஊரில் இன்னும் இருக்கிறார்கள். வங்கிக் கடன் வாங்கி உங்கள் கிரேனை எடுத்ததற்கு லாபம் மட்டும் காரணமில்லை என்பதற்காக இதைச் சொல்கிறேன்.

ரயில்வேயின் மெயின் லைன் வேலைக்கு பி.க்யூ.ஆர்.எஸ். என்கிற பிளாசர் போர்ட்டல் கிரேன்கள் இருக்கின்றன. பாதை பிரியும் இடமான டர்ன்அவுட்டை மாற்ற டி-28 என்கிற மெஷின் இருக்கிறது. தொழிற்சாலைக்குப் பிரிந்து போகும் கிளைப் பாதைகளான சைடிங்குகளில் அரை கிலோமீட்டர், ஒரு கிலோமீட்டர் என்று வேலை எடுக்கும் எங்களைப் போன்றவர்களுக்கு அவை எட்டாது. ரோட்டில் ஓடும் ஹைட்ரா கிரேனை வைத்துச் செய்யலாம் என்றால் அது நிற்கப் பக்கத்தில் கெட்டியான தரை வேண்டும். கரை மேல் போகும் பாதையில் ஜல்லிக்கு அப்புறம் சரிவுதான். அதனால்தான் பாதையைக் கவட்டையில் வைத்துக்கொண்டு தனக்கென்று போட்ட துணைத் தண்டவாளத்தில் ஓடுகிற போர்ட்டல் கிரேன் தேவைப்படுகிறது. பழைய பேனலைத் தூக்கி வேகனில் வைத்துவிட்டு, புதுப் பேனலைக் கொண்டுவந்து அதே குழியில் இறக்கும்.

இதையெல்லாம் உங்கள் விற்பனை அதிகாரிக்கு 2023 ஜூன் மாதமே மின்னஞ்சலில் எழுதியிருக்கிறேன். 13 மீட்டர் பேனல், 21 ஸ்லீப்பர், கிளிப், லைனர், ரப்பர் பேடு எல்லாம் சேர்த்து ஏழு டன். துணைத் தண்டவாளத்தின் அகலம் 3,400 மில்லிமீட்டர். பேனல் இறங்கும்போது இரு முனையிலும் கடப்பாரையோடு ஆட்கள் நிற்பார்கள். இந்தக் கடைசி வரியை அடிக்கோடிட்டே எழுதினேன். "ஒரு கிரேன் 5 டன், ஜோடியாக 10 டன், உங்கள் வேலைக்கென்றே செய்தது" என்று அவர் பதில் அனுப்பினார். அந்த மின்னஞ்சல் பத்திரமாக இருக்கிறது.

நல்லதையும் சொல்லிவிடுகிறேன். இன்ஜின் ஒரே தட்டில் எடுக்கும். சக்கர அகலம் அச்சுப் பிசகாமல் இருந்தது. தண்டவாளத் தலையைப் பிடிக்கும் கிளாம்ப் நான் பார்த்ததிலேயே உருப்படியானது, ஒரு தடவைகூட வழுக்கவில்லை. முதல் பத்து மாதம் யார் கேட்டாலும் உங்கள் மெஷினைத்தான் வாங்கச் சொன்னேன். இப்போது அவர்களுக்கெல்லாம் நானே போன் போட்டுச் சொல்ல வேண்டியிருக்கிறது.

ஆகஸ்டில்தான் முதல் சந்தேகம் வந்தது. பேனலைத் தூக்கி நிறுத்திவிட்டு ஜல்லி சமன் செய்யும் நேரத்தில், இரண்டாம் நம்பர் கிரேன் பக்கத்து முனை தானாகவே மெல்ல இறங்கியது. டேப் வைத்து அளந்தோம். பத்து நிமிடத்தில் 40 மில்லிமீட்டர். வீடியோ எடுத்து உங்கள் சர்வீஸ் எண்ணுக்கு வாட்ஸ்அப்பில் அனுப்பினேன். மறுநாள் பதில் வந்தது: "ஆயில் மாற்றிப் பாருங்க சார்." மாற்றினோம். பில் இருக்கிறது. 40 மில்லிமீட்டர் 35 ஆனது. மறுபடி அனுப்பிய வீடியோவுக்கு ஒரு கட்டைவிரல் படம் மட்டும் வந்தது.

அக்டோபர் 5, சனிக்கிழமை இரவு. அரியலூர்ப் பக்கம் ஒரு சிமென்ட் ஆலையின் சைடிங். ஒரு ரேக் (சரக்கு ரயில்) போய் அடுத்த ரேக் வருவதற்குள் எங்களுக்குக் கொடுத்தது ஆறு மணி நேரம், பத்து மணி முதல் நாலு மணி வரை. அதற்குள் நான்கு பேனல் மாற்ற வேண்டும். மூன்று முடிந்துவிட்டது. நாலாவது பேனலை முழங்கால் உயரத்தில் பிடித்துக்கொண்டு, இரண்டு தண்டவாள முனையை இணைக்கும் ஃபிஷ்பிளேட்டின் துளைக்கு நேராகக் கொண்டுவந்துகொண்டிருந்தோம். மணி இரண்டரை இருக்கும். பட்டாசு வெடித்த மாதிரி ஒரு சத்தம். இரண்டாம் நம்பர் கிரேன் பக்கத்து முனை அப்படியே ஜல்லியில் உட்கார்ந்தது. மெல்ல இறங்கவில்லை, விழுந்தது. அந்த இழுப்பில் முதல் கிரேனின் ஒரு சக்கரம் துணைத் தண்டவாளத்தை விட்டு இறங்கிவிட்டது. நான்கு ஸ்லீப்பர் விரிசல், ஒரு தண்டவாளம் வளைவு. சூடான ஆயில் பீய்ச்சி ஆபரேட்டரின் வலது முன்கையில் பட்டுத் தோல் உரிந்துவிட்டது. பன்னிரண்டு நாள் அவர் வேலைக்கு வரவில்லை.

கடப்பாரைக்காரர்கள் யாருக்கும் அடிபடவில்லை. அதற்கு உங்கள் மெஷின் காரணமில்லை. பேனல் நாலு விரல் உயரத்துக்கு வரும்வரை எவனும் கிட்டே போகக்கூடாது என்பது எங்கள் மேஸ்திரியின் பழைய சட்டம். பையன்கள் அவரைத் திட்டிக்கொண்டேதான் அதைக் கடைப்பிடிப்பார்கள். அன்றைக்குப் பிறகு திட்டுவதில்லை.

உங்கள் இன்ஜினீயர் ஆறாவது நாள் வந்தார். புது ஹோஸ் மாட்டினார், போட்டோ எடுத்தார், "வாடிக்கையாளர் பராமரிக்கவில்லை" என்று எழுதிக் கையெழுத்துக் கேட்டார். நான் போடவில்லை. ஆபரேட்டரின் கையைப் பற்றி அந்த அறிக்கையில் ஒரு வரி இல்லை. எந்த ஹோஸை எத்தனை மணி நேரத்துக்கு ஒருமுறை மாற்ற வேண்டும் என்று உங்கள் கையேட்டில் தேடிப் பார்த்தேன். "ஹோஸ்களை அவ்வப்போது பார்க்கவும்" என்று இருக்கிறது. அவ்வப்போது என்றால் எப்போது? நாங்கள் ஒவ்வொரு வேலைக்கு முன்னும் பார்த்துக் குறித்த நோட்டு இருக்கிறது. மணி மீட்டர் 388 காட்டுகிறது. 388 மணி நேரத்தில் ஒரு ஹோஸ் போகிறது என்றால் அதுவே தனிக் கேள்வி, அதை இப்போது விடுகிறேன்.

அவர் போன பிறகு, திருச்சியில் எனக்குத் தெரிந்த ஹைட்ராலிக் மெக்கானிக் ஒருவரைக் கூட்டிவந்து லைனைத் தடம் பிடித்தோம். கிரேனுக்கு இரண்டு தூக்கும் சிலிண்டர். சுமையைப் பிடித்து நிறுத்த வேண்டிய வால்வு சிலிண்டரில் இல்லை. மேல் பீமின் நடுவில், கன்ட்ரோல் பிளாக்கோடு சேர்ந்து இருக்கிறது. அந்த ஒரே வால்விலிருந்து இரண்டு சிலிண்டருக்கும் இரண்டு மீட்டர் ஹோஸ் போகிறது. அதாவது பேனல் அந்தரத்தில் நிற்கும்போது ஏழு டன்னில் பாதியைத் தாங்கிக்கொண்டிருப்பது அந்த ரப்பர்தான்.

மாடித் தொட்டியிலிருந்து வரும் குழாய் நடுவில் உடைந்தால் தண்ணீர் நிற்க வேண்டும் என்றால் வால்வு தொட்டியின் அடியில் இருக்க வேண்டும். தெருமுனையில் வால்வு போட்டு இறுக்கி மூடி என்ன பயன்? லோடு பிடிக்கும் வால்வு சிலிண்டரின் மேலேயே, நடுவில் ஹோஸ் இல்லாமல் போல்ட் போட்டு உட்கார்ந்திருக்க வேண்டும். அப்படி இருந்திருந்தால் ஹோஸ் வெடித்தாலும் ஆயில் கொஞ்சம் கொட்டும், பேனல் நின்ற இடத்தில் நிற்கும். ஆள் ஏறி நின்று வேலை பார்க்கும் தூக்கு மெஷின்களிலும், சுமை தூக்கும் வேலைக்குப் போகும் எக்ஸ்கவேட்டர்களிலும் இந்த ஏற்பாடு சாதாரணம். புதிதாக எதையும் கண்டுபிடிக்கச் சொல்லவில்லை. ஒரே வால்வில் இரண்டு சிலிண்டரை ஓட்டினால் வால்வும் மிச்சம், வேலையும் மிச்சம் என்று யாரோ கணக்குப் போட்டிருக்கிறார்கள். என் மெக்கானிக் அதைப் பார்த்துவிட்டுச் சொன்ன வார்த்தையைக் கடிதத்தில் எழுத முடியாது.

சட்டப்படி தகுதி பெற்ற ஆய்வாளர் ஆண்டுக்கு ஒருமுறை தூக்கும் மெஷினைச் சோதிக்க வேண்டும். ஜூலையில் சோதித்துச் சான்றிதழும் கொடுத்திருக்கிறார். அதை உங்கள் கடிதத்தில் மேற்கோள் காட்டி, "மெஷின் நன்றாக இருந்ததற்கு உங்கள் சான்றிதழே சாட்சி" என்கிறீர்கள். சுமை ஏற்றிப் பார்க்கும் சோதனையில் ஹோஸை வெட்டிப் பார்ப்பதில்லை, ஐயா. அதோடு, அதே கடிதத்தில் நான் பராமரிக்கவில்லை என்றும் எழுதுகிறீர்கள். இரண்டில் ஒன்றைத் தேர்ந்தெடுத்துக்கொள்ளுங்கள்.

உத்தரவாதக் கணக்கு இன்னும் வேடிக்கை. நீங்கள் எண்ணுவது இன்வாய்ஸ் தேதியான 21.08.2023-இலிருந்து. கிரேன் என் யார்டுக்கு வந்தது 17.10.2023. பெயின்ட் காயவில்லை, டிரெய்லர் கிடைக்கவில்லை என்று உங்கள் தொழிற்சாலையிலேயே நின்ற இரண்டு மாதமும் என் பன்னிரண்டு மாதத்தில் கழிந்திருக்கிறது. வந்து சேர்ந்த நாளிலிருந்து எண்ணினால் அக்டோபர் 5 உத்தரவாதத்துக்குள்தான். வீடியோ அனுப்பிய ஆகஸ்ட் 9 எப்படி எண்ணினாலும் உள்ளேதான்.

வணிகத்துக்கு வாங்கியதால் நான் நுகர்வோர் இல்லை என்று உங்கள் அதிகாரி போனில் சட்டம் பேசினார். சரி, இருபது பேரை வைத்து வேலை செய்கிறவன், அந்த வழியில் நான் வரவில்லை. சரக்கு விற்பனைச் சட்டம் 1930, 16-ஆம் பிரிவை அவர் படித்திருக்க மாட்டார் போலிருக்கிறது. இன்ன வேலைக்கு வேண்டும் என்று தெரிவித்து, விற்பவரின் திறமையை நம்பி வாங்கியவனுக்கு, பொருள் அந்த வேலைக்குத் தகுதியாக இருக்க வேண்டும் என்பது ஒப்பந்தத்தில் தானாகவே அடங்கிய நிபந்தனை. என் ஜூன் மின்னஞ்சலும் உங்கள் பதிலும் அதற்குப் போதும் என்று வக்கீல் சொல்கிறார். கோர்ட்டுக்குப் போக எனக்கு ஆசையில்லை, நேரமும் இல்லை.

எனக்கு முதலில் வேண்டியது திருத்தம். இரண்டு கிரேனிலும் நான்கு சிலிண்டருக்கும் தனித்தனியாக, சிலிண்டரிலேயே பொருத்தும் லோடு பிடிக்கும் வால்வு போட்டுத் தர வேண்டும், உங்கள் செலவில். போட்ட பிறகு என் யார்டில், அதே ஏழு டன் பேனலை அரை மீட்டர் தூக்கி நிறுத்தி, கீழே பழைய மரக்கட்டை அடுக்கி ஆட்களை விலக்கிவிட்டு, பாதுகாப்பான தூரத்திலிருந்து ஹோஸ் லைனைத் திறந்து காட்ட வேண்டும். பேனல் நின்றால் கையெழுத்துப் போடுகிறேன். மாற்ற வேண்டிய ஹோஸ்களின் பட்டியலும் கால அளவும் கையேட்டில் தமிழிலும் வர வேண்டும். ஆங்கிலக் கையேட்டை என் ஆபரேட்டர் படம் பார்த்துத்தான் புரிந்துகொள்கிறார்.

பணக் கணக்கு: ஆலை பிடித்த அபராதம் ரூ. 2,40,000. மிச்ச வேலையை முடிக்க, கரை இல்லாத பக்கமிருந்து ஹைட்ரா வைத்து மூன்று இரவு செய்ததற்கு வாடகையும் கூலியும் ரூ. 93,000. ஸ்லீப்பர், தண்டவாளம் ரூ. 58,000. ஆபரேட்டரின் வைத்தியமும் சம்பளமும் ரூ. 14,500. மொத்தம் ரூ. 4,05,500. கிரேன் இரண்டும் தார்ப்பாய் போர்த்தி நிற்கும் இந்த நாட்களின் வங்கித் தவணையை நான் இதில் சேர்க்கவில்லை.

இன்னொன்று. இதே மாடலில் பதினோரு ஜோடி விற்றிருப்பதாக உங்கள் விற்பனை அதிகாரி பெருமையாகச் சொன்னார். மற்ற பத்துப் பேருக்கும் எழுத்தில் தெரிவித்து, வால்வு மாற்றும்வரை தூக்கிய பேனலுக்குக் கிட்டே ஆள் நிற்க வேண்டாம் என்று சொல்லுங்கள். எனக்குப் பணம் கொடுப்பதற்கு முன்னால் இதைச் செய்தாலும் நான் கோபித்துக்கொள்ள மாட்டேன். எல்லா இடத்திலும் எங்கள் மேஸ்திரி இருக்க மாட்டார்.

இந்தக் கடிதம் கிடைத்த பதினைந்து நாளுக்குள் எழுத்தில் பதில் வேண்டும். வாட்ஸ்அப் வேண்டாம்.

இப்படிக்கு,
தங்கள் வாடிக்கையாளர்,
(ஒப்பம்)

இணைப்பு: மின்னஞ்சல் நகல், ஆகஸ்ட் மாத வீடியோ அடங்கிய பென் டிரைவ், பராமரிப்பு நோட்டின் நகல், செலவு ரசீதுகள், வால்வு இருக்கும் இடத்தின் படங்கள்.

பின்குறிப்பு: வெடித்த ஹோஸை உங்கள் இன்ஜினீயர் கையோடு எடுத்துப்போகக் கேட்டார். கொடுக்கவில்லை. தேதி எழுதி, சீல் வைத்து என் அலுவலகத்தில் இருக்கிறது. பார்க்க வேண்டும் என்றால் யாரும் வரலாம், டீ வாங்கித் தருகிறேன்.