சுண்ணாம்புச் சுவரில் சிமெண்ட் வேண்டாம்: பங்குப் பேரவைக்கு ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய பங்குத்தந்தை அவர்களுக்கும் பங்குப் பேரவையினருக்கும்,

இயேசுவுக்கே புகழ்!

கொடியேற்றத்துக்குள் வேலையை முடிக்க வேண்டும் என்ற உங்கள் அவசரம் புரிகிறது. ஆனாலும், ஆலயத்தின் வடக்குச் சுவரில் பழைய சுண்ணாம்புப் பூச்சைக் கொத்தியெடுத்துவிட்டு சிமெண்ட் பூசுவதைத் தயவுசெய்து நிறுத்துங்கள்.

அது செங்கல்லும் சுண்ணாம்புக் காரையுமாக எழும்பிய சுவர். அஸ்திவாரத்துக்கு மேல், தரை ஈரம் ஏறாமல் தடுக்கும் அடுக்கு (டி.பி.சி.) கிடையாது. தரையின் ஈரம் செங்கல் வழியே ஏறத்தான் செய்யும். சுண்ணாம்புப் பூச்சு அதை வெளியே விட்டு உலர்த்திவிடும், சிமெண்ட் அடைத்துவிடும். போக வழியில்லாத ஈரம் இன்னும் மேலே ஏறும். அதோடு வரும் உப்பு பூச்சுக்குப் பின்னால் படிந்து செங்கல்லை அரிக்கும்.

பீடத்துக்கு வலப்புறம் வந்து பாருங்கள். நான்கடி உயரத்துக்கு டைல்ஸ் ஒட்டினீர்கள். இப்போது அதற்கு மேலே ஐந்தாவது அடியில் பூச்சு உப்பி நிற்கிறது. விரலால் தட்டினால் பொள்ளலாகக் கேட்கிறது. நகத்தால் கீறினால் செங்கல் மாவாகக் கொட்டுகிறது. அதே தவற்றை இனி சுவர் முழுக்கச் செய்யப் போகிறோமா?

கூரையையும் நினைத்துப் பாருங்கள். அது மெட்ராஸ் டெரஸ், அதாவது மர உத்தரங்கள் மேல் செங்கல்லைச் சுண்ணாம்புக் காரையில் அடுக்கிப் போட்ட பழைய தளம். அதன் தேக்கு உத்தரங்கள் சுவருக்குள்தான் நுனி ஊன்றியிருக்கின்றன. சிமெண்ட் பூச்சில் மயிரிழை விரிசல் விழும். அதில் நுழையும் மழைநீர் வெளியேறாது. உத்தர நுனி உள்ளுக்குள்ளேயே உளுத்துப்போகும். கூரை இறங்கும்போதுதான் நமக்குத் தெரியும்.

எழும்பூர் புனித ஆண்ட்ரூ ஆலயத்தை (1821) நெகிழ்ந்த மண்ணில் கிணறுகள் இறக்கி, அவற்றின் மேல் நிறுத்தினார்கள். மண்ணையும் நீரையும் அறிந்து கட்டியவர்கள் அவர்கள். இன்று உபயதாரர் பெயர் பொறித்த கிரானைட் பலகைக்கு உடனே பணம் சேர்கிறது, உடைந்த மழைநீர்க் குழாயை மாற்ற மட்டும் நிதி இல்லை என்கிறார்கள். வலிக்கிறது ஐயா.

கோபத்தில் நீட்டிவிட்டோம், பொறுத்துக்கொள்ளுங்கள். கேட்பது இதுதான்: சிமெண்டை நிறுத்துங்கள். முதலில் குழாயை மாற்றுங்கள். டைல்ஸை எடுத்துவிட்டு ஒரு கோடை முழுக்கச் சுவரை உலர விடுங்கள். பிறகு, நன்றாக நீற்றிய சுண்ணாம்பு ஒரு பங்குக்கு மணல் இரண்டு பங்கு, கடுக்காய் ஊறல் சேர்த்து அரைத்த கலவையை அரை அங்குலத்துக்கு மிகாமல் அடுக்கடுக்காகப் பூசுங்கள். ஒவ்வொரு அடுக்கும் மெதுவாக இறுக, ஈரச் சாக்கு போட்டு வையுங்கள். மேலே சுண்ணாம்பு வெள்ளையே போதும், பிளாஸ்டிக் பெயிண்ட் வேண்டாம். இந்த வேலை தெரிந்த கொத்தனார்கள் செட்டிநாட்டுப் பக்கம் இருக்கிறார்கள். அவர்களில் ஒருவரை அழைத்துச் சுவரைத் தட்டிப் பார்க்கச் சொல்லும்வரை, தயவுசெய்து ஒரு சட்டி சிமெண்டும் பூச வேண்டாம்.

பணிவுடன்,
கட்டட வேலை தெரிந்த பங்கு மக்கள்