எந்த நோய்க்கு எதிர்ப்பு என்று விதைப் பாக்கெட்டில் எழுதுங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

தக்காளியில் இலைச்சுருட்டு நோய் பற்றிய உங்கள் செய்தியில் எந்த மருந்தை எப்போது அடிப்பது என்று விவரமாகச் சொல்லியிருந்தீர்கள். விதையைப் பற்றி ஒரு வரிகூட இல்லை. பாலக்கோடு, ராயக்கோட்டை பக்கம் தக்காளி போடுகிறவர்களுக்கு முதலில் தெரிய வேண்டியதே அதுதான்.

இங்கே அடுத்தடுத்த இரண்டு வயல்களைப் பார்த்தாலே விஷயம் புரியும். ஒன்றில் செடி நிமிர்ந்து காய்க்கிறது. மற்றதில் கொழுந்து இலை கிண்ணம்போல் மேலே மடங்கி, ஓரம் மஞ்சளாகி, பூவெல்லாம் கொட்டிப்போய் நிற்கிறது. இந்த நோயின் வைரஸைப் பரப்பும் வெள்ளை ஈ இரண்டு வயலிலும்தான் உட்காருகிறது, மருந்தும் ஒன்றேதான். வித்தியாசம் செடியின் மரபணுவில் இருக்கிறது. தென் அமெரிக்கக் காட்டுத் தக்காளியிலிருந்து கலப்பு செய்து கொண்டுவந்த டிஒய்-1, டிஒய்-3 போன்ற மரபணுக்கள் உள்ள ரகத்தில், உள்ளே நுழைந்த வைரஸ் பெருக முடியாமல் அடங்கிவிடுகிறது. அடங்குமே தவிர, அடியோடு அழியாது. நன்றாகத் தெரியும் செடியிலிருந்தும் வெள்ளை ஈ நோயைப் பக்கத்து வயலுக்குக் கொண்டுபோகலாம்.

பாக்கெட்டில் 'நோய் எதிர்ப்பு ரகம்' என்று மொட்டையாகப் போட்டால், எல்லா நோயையும் தாங்கும் என்றுதானே விவசாயி நினைப்பார்? டிஒய் மரபணு இருப்பதால் பாக்டீரியா வாடல் வராமல் இருக்காது, அதற்கு வேறு மரபணு வேண்டும். பெங்களூரு தோட்டக்கலை ஆராய்ச்சி நிறுவனத்தின் அர்கா ரக்ஷக்கை எடுத்துக்கொள்ளுங்கள். இலைச்சுருட்டு, பாக்டீரியா வாடல், முன்பருவ இலைக்கருகல் என்று மூன்றையும் பெயர் சொல்லித்தான் கொடுக்கிறார்கள். மற்றவர்களுக்கு மட்டும் என்ன தடை?

நோய்க்கே துணைபோகிற மரபணுக்களும் உண்டு. நெல்லில் இலைக்கருகல் கிருமி, பயிரின் சொந்த மரபணு ஒன்றைத் தூண்டிவிட்டு, அதன் சர்க்கரையைத் தன் பக்கம் இழுத்துக்கொள்கிறது. அதே மரபணுவில், அந்தத் தூண்டுதலுக்கு மசியாத வடிவம்தான் எக்ஸ்ஏ13. ஹைதராபாத் விஞ்ஞானிகள் அதோடு எக்ஸ்ஏ5, எக்ஸ்ஏ21 என்ற வேறு இரண்டு எதிர்ப்பு மரபணுக்களையும் சேர்த்து உருவாக்கிய மேம்படுத்தப்பட்ட சம்பா மசூரி 2008-இல் வெளிவந்தது. ஒரே மரபணுவை நம்பினால் கிருமி தன்னை மாற்றிக்கொண்டு அதைத் தாண்டிவிடும் என்பதால்தான் மூன்றைச் சேர்த்தார்கள். நம் பகுதியிலோ ஒரு ரகம் நன்றாக வந்துவிட்டால் அடுத்த பருவம் ஊர் முழுக்க அதையே போடுகிறோம். எனக்கு இது பெரிய கவலை.

அப்புறம், விதை விலைக்குப் பயந்து கலப்பினத் தக்காளிப் பழத்திலிருந்தே விதை எடுத்து நாற்று விடுகிறார்கள். அப்படி விட்டால் நாலில் ஒரு செடிக்கு அந்த எதிர்ப்பு மரபணு இல்லாமலே போகலாம். இதை யாராவது அவர்களுக்குச் சொல்ல வேண்டாமா?

விதைப் பாக்கெட்டிலும் குழித்தட்டு நாற்று விற்கும் நர்சரியிலும் எந்த நோய்க்கு எதிர்ப்பு, எந்த மரபணு என்று தமிழில் எழுதச் செய்ய வேண்டும். பையூர் ஆராய்ச்சி நிலையமும் தோட்டக்கலைத் துறையும், நம் மண்ணில் எந்த ரகம் எந்த நோயைத் தாங்கியது என்று பருவம்தோறும் பட்டியல் தரட்டும். விதைப்புக்கு முன்பே அதை உங்கள் பத்திரிகையில் வெளியிடுங்கள்.

இப்படிக்கு,
ஒரு தக்காளி விவசாயி,
மாரண்டஅள்ளி, தருமபுரி மாவட்டம்.