கோமாரி ஊசியும் கிருமியின் கூடும்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். மாட்டின் வாயிலும் குளம்பிலும் புண் உண்டாக்கும் கோமாரி (காணை) நோய் பற்றிய உங்கள் கட்டுரை, தொழுவை ஃபினாயில் ஊற்றிக் கழுவச் சொல்கிறது. அது தவறு. "ஊசி போட்டும் காணை வந்துட்டே" என்று நெல்லைச் சீமையில் மாடு வளர்ப்போர் கேட்கும் கேள்விக்கும் அதில் பதில் இல்லை. இரண்டுக்கும் காரணம் கிருமியின் புரதக் கூடு.

கோமாரி வைரஸ் என்பது ஓர் ஆர்.என்.ஏ. இழையும் (கிருமியின் மரபுப்பொருள்) அதை மூடிய கூடும், அவ்வளவுதான். கூட்டின் குறுக்களவு சுமார் 30 நானோமீட்டர். நான்கு வகைப் புரதம், வகைக்கு 60. அவை 12 துண்டுகளாகச் சேர்ந்து ஒரு பந்தாகப் பொருந்தியிருக்கும். தடுப்பூசி தயாரிக்கும்போது உள்ளே இருக்கும் இழையைத்தான் வேதிப்பொருளால் முடக்குகிறார்கள். பந்து சிதையாமல் இருக்க வேண்டும். மாட்டின் உடம்பு அந்த முழுப் பந்தைப் பார்த்துத்தான் நல்ல எதிர்ப்பை உண்டாக்கும். புட்டியில் வெப்பம் ஏறினால் பந்து 12 துண்டாக உதிர்ந்துவிடும். மருந்தின் நிறமும் அளவும் மாறாது, பலன் மட்டும் போய்விடும். நம் நாட்டுத் தடுப்பூசியில் உள்ள ஓ, ஏ, ஆசியா-1 என்ற மூன்று கோமாரி வைரஸ் வகைகளில் ஓ வகையின் கூடு சீக்கிரம் உதிரும். இங்கே அடிக்கடி பரவுவதும் அதுதான்!

ஆகவே புட்டி 2 முதல் 8 டிகிரிக்குள் இருக்க வேண்டும். அக்னி நட்சத்திர வெயிலில் பைக் பெட்டியில் போட்டுக்கொண்டு ஊர் ஊராகப் போவது ஆகாது. அதற்காக உறையவிட்டாலும் கெட்டது. எண்ணெய் கலந்த மருந்து பிரிந்துபோகும். ஃப்ரீசரிலிருந்து எடுத்த ஐஸ் பேக்கைக் குலுக்கினால் உள்ளே தண்ணீர் அலம்பும் சத்தம் கேட்கும்வரை வெளியே வைத்துவிட்டு, அப்புறம் தெர்மாகோல் பெட்டிக்குள் அடுக்குங்கள். திறந்த புட்டியின் மிச்சத்தை மறுநாளைக்கு வைக்க வேண்டாம். கன்றுக்கு நாலு மாதத்தில் முதல் ஊசி, ஒரு மாதம் கழித்து இன்னொன்று, பிறகு ஆறு மாதத்துக்கு ஒருமுறை. எதிர்ப்பு வர இரண்டு மூன்று வாரம் ஆகும். நோய் தெருவுக்குள் வந்தபின் ஊசி தேடி ஓடினால் பெரும்பாலும் பிந்திவிடும்.

இனி தொழு. கொரோனா வைரஸுக்குக் கூட்டின்மேல் கொழுப்பு உறை உண்டு. சோப்பு அதைக் கரைத்தது. கோமாரிக்கு அந்த உறை கிடையாது. சோப்போ ஃபினாயிலோ இந்தக் கூட்டிடம் பெரிதாக எடுபடாது. ஆனால் புளிப்பும் (அமிலம்) சோடா போன்ற காரமும் இதற்கு ஆகாது: கார அமில எண் (pH) 6-க்குக் கீழே போனாலும் 9-க்கு மேலே ஏறினாலும் கிருமி செத்துவிடும். 10 லிட்டர் வாளித் தண்ணீரில் 400 கிராம் சலவைச் சோடா கரையுங்கள். ஆப்பச் சோடா அல்ல. அதன் காரம் போதாது. சாணி, சிந்திய பால், கூளம் எல்லாவற்றையும் முதலில் வழித்து எடுக்காவிட்டால் கிருமி அவற்றுக்குள் பதுங்கிக்கொள்ளும். தரை, தொட்டி, பால் கறப்பவர் செருப்பு எல்லாவற்றிலும் ஊற்றிப் பத்து நிமிடமாவது ஊறவிட்டுக் கழுவுங்கள். வீரியம் கூடும் என்று வினிகரையும் சோடாவையும் சிலர் கலக்கிறார்கள். ஒன்றை ஒன்று முறித்து வெறும் தண்ணீர் மாதிரி ஆகிவிடும். மாட்டின் குளம்புப் புண்ணில் சோடாக் கரைசல் படக் கூடாது, எரித்துவிடும்.

கட்டுரையில் 'ஃபினாயில்' என்று வந்த இடத்தைச் 'சலவைச் சோடா' என்று அடுத்த இதழில் திருத்தி வெளியிட்டால் நல்லது.

இப்படிக்கு,
கால்நடை மருத்துவர்கள் சிலர்,
மானூர், திருநெல்வேலி மாவட்டம்