ஊசி மட்டுமன்று, சூடும் உண்டு

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். ஞாயிறு இணைப்பில் வந்த அக்குபங்சர் கட்டுரை, மூலிகை இலையைப் பற்றவைத்து உடலில் சூடு காட்டும் மாக்ஸா சிகிச்சையைப் ‘புகை போடுதல்’ என்று ஒரே வரியில் கடந்துவிட்டது. சீனத்தில் இம்மருத்துவத்தின் பெயரான ‘ஜென்ஜியு’ ஊசி, சூடு இரண்டையும் சேர்த்தே குறிக்கிறது. 2010இல் யுனெஸ்கோ தன் மரபுப் பட்டியலில் ஏற்றதும் இரண்டையும்தான்.

இதில் முக்கியம் புகையன்று, சூடு. நம் மாசிபத்திரி, மருக்கொழுந்து ஆகியவற்றின் இனத்தைச் சேர்ந்த ஒரு செடியின் இலையை உலர்த்தி, இடித்து, சலித்து, பஞ்சுபோல் எஞ்சுவதைக் காகிதத்தில் இறுகச் சுருட்டிப் பற்றவைத்து, தோலில் படாமல் இரண்டு விரற்கடை தள்ளிப் பிடிப்பார்கள். சூடு மிகுந்துவிடாமல் அறிய, மருத்துவர் தம் மற்றொரு கை விரல்களையும் அங்கேயே வைத்திருப்பார். (நெடி துணியை விட்டு எளிதில் போகாது என்பது வேறு.)

வயிற்றில் தலை மேலாக இருக்கும் குழந்தையைத் திருப்ப, தாயின் கால் சுண்டுவிரல் நகத்தோரம் சூடு காட்டுவது ‘உறுதியான பலன்’ தரும் என்று கட்டுரையாளர் எழுதியது மிகை. 1998இல் வெளியான சீன ஆய்வில், சூடு பெற்ற 130 பேரில் 98 பேருக்கும், பெறாத 130 பேரில் 62 பேருக்கும் 35ஆம் வாரத்தில் குழந்தை தலைகீழாகத் திரும்பியிருந்தது உண்மையே. ஆனால், 2009இல் வெளியான ஜெனீவா ஆய்வில் அத்தகைய வேறுபாடு காணப்படவில்லை.

நீரிழிவால் பாதத்தில் உணர்ச்சி குறைந்தவர்களுக்குச் சுட்டது தெரியாமலே கொப்புளம் எழக்கூடும் என்பதையும் கட்டுரையில் குறிப்பிட்டிருக்கலாம்.

இப்படிக்கு,
வாசகர், மதுரை.