கேஸ் போடறதுக்கு முன்னால ஒரு வார்த்தைங்க

அன்புள்ள வாடிக்கையாளர்களுக்கு வணக்கமுங்க.

பங்குனி பிறந்துவிட்டால் எங்கள் ஏசி கடை போன் ஓய்வதில்லை. கூப்பிடுகிறவர்களில் முக்கால்வாசிப் பேர் சொல்வது ஒன்றுதான்: "கூலிங் பத்தலீங்க, கேஸ் தீர்ந்துபோச்சு, வந்து போட்டுட்டுப் போங்க." இந்த வருசத்திலிருந்து, லீக் எங்கே என்று பார்க்காமல் எந்த மெஷினுக்கும் கேஸ் போடுவதில்லை என்று முடிவு செய்திருக்கிறோம். சிலருக்கு இது வருத்தமாக இருக்கும். அதனால்தான் இந்த மடல்.

ஏசி கேஸ் அடுப்பு கேஸ் மாதிரி எரிந்து தீர்வதில்லை. வீட்டுத் திண்ணையில் வைத்த மண்பானையை நினைத்துக்கொள்ளுங்கள். பானையின் மேல் கசியும் தண்ணீர் ஆவியாகும்போது உள்ளே இருக்கும் தண்ணீரின் சூட்டையும் எடுத்துக்கொண்டு போகிறது. ஏசிக்குள் நடப்பதும் அதே வேலைதான். பானையில் ஆவி காற்றோடு போய்விடும். ஏசி அந்த ஆவியைப் பிடித்து, மறுபடி திரவமாக்கி, திரும்பவும் உள்ளே அனுப்பும்.

இப்போது வரும் மெஷின்களில் பெரும்பாலும் ஆர்-32 கேஸ். திறந்துவிட்டால் மைனஸ் 52 டிகிரியிலேயே கொதித்துவிடக்கூடியது. ரூமுக்குள் மாட்டியிருக்கும் இண்டோர் பெட்டியில் வளைந்து வளைந்து போகும் குழாய்தான் காயில். குறைந்த அழுத்தத்தில் அதற்குள் கேஸ் கொதித்து ஆவியாகும். அதற்கு வேண்டிய சூட்டை உங்கள் ரூம் காற்றிலிருந்து இழுத்துக்கொள்ளும். வெளியே மாட்டியிருக்கும் அவுட்டோர் பெட்டியில் இருக்கும் கம்ப்ரசர் அந்த ஆவியை அமுக்கி, வெளியே இருக்கும் வெய்யிலைவிடச் சூடாக்குகிறது. அப்போதுதான் 40 டிகிரி வெய்யிலிலும் அது சூட்டை வெளியே விட முடியும். சூட்டை விட்டுத் திரவமானதும் சன்னமான குழாய் வழியாக அழுத்தம் குறைந்து, குளிர்ந்து, மறுபடி உள்ளே. ஒன்றரை டன் மெஷின் ரூமிலிருந்து 5 கிலோவாட்டுக்குக் கொஞ்சம் அதிகமான சூட்டை வெளியே தள்ளும். அதற்கு இழுக்கும் கரண்ட் ஒன்றரை கிலோவாட் சுமார்தான். (டன் என்றால் மெஷினின் எடை இல்லைங்க. ஒரு டன் ஐஸ் ஒரு நாளில் உருகத் தேவைப்படும் சூட்டின் கணக்கு அது.)

இத்தனையும் மூடிய குழாய்க்குள். மொத்தக் கேஸும் பெரும்பாலும் ஒரு கிலோவுக்குள்தான். அது குறைந்தால் எங்கோ ஓட்டை இருக்கிறது என்றுதான் அர்த்தம்.

போன சித்திரையில் பல்லடம் ரோட்டுப் பக்கம் ஒரு வீட்டுக்குப் போனோம். அதே வருசத்தில் வேறு ஒருவர் இரண்டு தடவை கேஸ் போட்டுவிட்டுப் போயிருக்கிறார். அவுட்டோரில் குழாய் சேரும் நட்டைத் தொட்டால் விரலில் எண்ணெய் பிசுக்கு. கேஸோடு கம்ப்ரசர் எண்ணெயும் சுற்றுவதால் ஓட்டை இருக்கும் இடத்தில் அது கசியும். சோப்பு நுரையைத் தடவினோம், குமிழி குமிழியாக வந்தது. குழாய் முனையைப் புதிதாக விரித்து, வேக்கம் போட்டு (குழாய்க்குள் இருக்கும் காற்றை உறிஞ்சி எடுத்து), எடை போட்டுக் கேஸ் நிரப்பினோம். இன்றுவரை போன் வரவில்லை.

பாதிப் பேருக்கு இந்தச் செலவும் தேவைப்படாது, ஃபில்டர் கழுவினாலே போதும். நம்ம திருப்பூர்ல காற்றிலேயே பஞ்சு பறக்குது. பக்கத்தில் நிட்டிங் கம்பெனியோ தறியோ இருக்கும் வீட்டில் இரண்டே வாரத்தில் ஃபில்டர் மேல் கம்பளி விரித்த மாதிரி படிந்துவிடும். காற்று போகாவிட்டால் காயில் அளவுக்கு மீறிக் குளிர்ந்து ஐஸ் கட்டும். கேஸ் குறைந்தாலும் ஐஸ் கட்டும். இரண்டும் பார்க்க ஒரே மாதிரி இருப்பதால்தான், ஃபில்டரைக் கழட்டிக்கூடப் பார்க்காமல் சிலிண்டரைத் திறந்துவிடுகிறார்கள். ஐஸ் தெரிந்தால் கூலிங்கை நிறுத்தி, ஐஸ் உருகும்வரை ஏசியின் ஃபேன் மட்டும் ஓட விடுங்கள். குத்திப் பெயர்க்க வேண்டாம், காயில் ஓட்டையாகிவிடும்.

அவுட்டோரைத் தகரம் வைத்து அடைத்து, அதன் மேல் மிளகாய் காயப்போடுகிற வீடுகளையும் பார்க்கிறோம். அது விடும் சூட்டையே அது திரும்ப இழுத்தால் உள்ளே எப்படிங்க குளிரும்?

ரிமோட்டில் 16 டிகிரி வைத்தால் சீக்கிரம் குளிரும் என்பதும் பலருடைய நம்பிக்கை. சாதா மெஷினில் கம்ப்ரசருக்கு ஒரே வேகம்தான். ரிமோட்டில் வைக்கும் எண், எப்போது நிற்க வேண்டும் என்று மட்டும் சொல்லும். இன்வெர்ட்டர் மெஷின் (கம்ப்ரசர் வேகம் கூடிக் குறையும் ஏசி) சூடு அதிகமாக இருக்கும்போது தானே வேகமெடுக்கும், பிறகு தணிந்து ஓடும். 2020 ஜனவரியிலிருந்து நட்சத்திர முத்திரை ஏசிகள் ஆன் செய்ததும் 24 டிகிரியில்தான் தொடங்க வேண்டும் என்பது அரசு விதி. அந்த 24-லேயே விட்டு, சீலிங் ஃபேனையும் மெதுவாகப் போட்டுப் பாருங்கள்.

இன்னொன்று: ஆர்-32 தீப்பற்றக்கூடியது. உள்ளே கேஸ் இருக்கும்போது குழாயில் வெல்டிங் வைக்க யாரையும் விடாதீர்கள். அவுட்டோர் ஸ்டிக்கரில் எந்தக் கேஸ், எத்தனை கிராம் என்று அச்சடித்திருக்கும். போடுகிறவர் அதைப் பார்த்துத் தராசில் வைத்துப் போடுகிறாரா என்று பக்கத்தில் நின்று பாருங்கள். எங்கள் பையன்கள் வந்தாலும் அப்படித்தான் நின்று பார்க்க வேண்டும்.

ஃபில்டரைக் கழட்டத் தெரியாவிட்டால் மெஷினை ஒரு போட்டோ எடுத்துக்கொண்டு கடைக்கு வாங்க. காட்டித் தருகிறோம், காசு வேண்டாம்.

இப்படிக்கு,
உங்கள் ஏசி கடைக்காரர்,
திருப்பூர்